கேட்டாலே புரிய வேண்டும்

தமிழ் சீரியலுக்கு வசனம் எழுத வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடம் ஒன்று உண்டு: டி.வி.யைப் பார்க்காமல் கேட்டாலே கதை புரிய வேண்டும். இரவு ஏழரை மணிக்கு வீட்டில் பாதிப் பேர் அடுப்படியில் இருப்பார்கள். தோசை வார்த்துக்கொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் ஹாலிலிருந்து வரும் குரலை வைத்துத்தான் கதையைப் பிடிப்பார்கள். அதனால் கதாநாயகிக்கு மனசு உடைந்தால், உடைந்துவிட்டது என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்னதை இன்னொருத்தி திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. நாள் முழுக்க உழைத்துவிட்டு, கை வேலையை விடாமலேயே கதை கேட்கும் பெண்களுக்காக உருவான பாடம் அது. அதை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன்.

பழைய காதல் நாவல் ஒன்றைத் தொடராக்கும் வேலை வந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. சுதந்திரத்துக்கு முந்தைய காவிரிக் கரைக் கதை. ஒப்பந்தம் இருப்பதால் பெயரைச் சொல்ல முடியாது. பள்ளிக்கூட நாளிலிருந்து நான் நேசித்த புத்தகம். காட்சி காட்சியாக ஒன்லைன் பிரிக்க உட்கார்ந்தால், நான் நேசித்ததெல்லாம் நாவலாசிரியரின் குரலாகவே இருந்தது. அந்தக் குரலை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அதிகம் பேசிக்கொள்ளாத இரண்டு பேர், ஒரு திண்ணை, ஒரு படித்துறை. இவர்களை நான் எதைப் பேச வைப்பேன்? இரவுகளில் தூக்கம் வராத அளவுக்கு அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. நான் தொட்டால் அந்த நாவல் செத்துப்போகும் என்று உண்மையாகவே நம்பினேன்.

தொழிலில் மூத்த ஒருவர் சொல்லித்தான் பி.பி.சி.யின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' தொடரைத் தேடி எடுத்தேன். பி.பி.சி. அந்த நாவலைப் பல முறை தொடராக்கியிருக்கிறது. அவர் சொன்னது 1995-இல் வந்தது. திரைக்கதை ஆண்ட்ரூ டேவிஸ், இயக்கம் சைமன் லாங்டன். செப்டம்பர் 24 தொடங்கி ஞாயிறுதோறும் ஆறு வாரம் ஒளிபரப்பானது. மடியில் நாவலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சியிலும் எது ஜேன் ஆஸ்டினுடையது, எது டேவிஸ் சேர்த்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே பார்த்தேன். காதல் கதையைப் பார்க்கும் விதம் இது இல்லைதான். ஆனால் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தப் பென்சில் குறிகளில்தான் இருக்கிறது.

நாவல் 1813 ஜனவரியில் வெளிவந்தது. அட்டையில் ஆஸ்டினின் பெயர் கிடையாது. பதிப்பாளர் தாமஸ் எகர்ட்டனுக்கு அவர் உரிமையை 110 பவுண்டுக்கு விற்றார். கதைக்குள் நாயகன் டார்சிக்கு ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு. எழுதிப் பிழைக்கிறவளுக்கு இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது மனசு கனத்துவிடுகிறது.

அந்த நாவலின் முதல் வாக்கியம் உலகப் புகழ் பெற்றது. பணக்கார வாலிபர்களையும் கல்யாணத்தையும் பற்றி ஆசிரியர் நேராக நம்மிடம் பேசும் இடம். டேவிஸ் அதை எழுத்தாகக் காட்டவில்லை, பின்னணிக் குரலிலும் ஒலிக்கவிடவில்லை. தொடர் குதிரைக் குளம்படிச் சத்தத்தோடு தொடங்குகிறது. டார்சியும் அவர் நண்பர் பிங்லியும் வயல்வெளியில் பாய்ந்து வருகிறார்கள். தூரத்தில் தெரியும் பெரிய மாளிகையை வாடகைக்கு எடுக்கலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். மேட்டில் நின்று அவர்களைப் பார்த்துவிட்டு நாயகி எலிசபெத் வீட்டுக்கு நடக்கிறாள். அந்தப் புகழ் பெற்ற வாக்கியம், பிறகு குடும்பமாகத் தெருவில் நடந்து வரும்போது அவள் வாயில் கேலிப் பேச்சாக வந்து விழுகிறது. ஆசிரியரின் குரலை டேவிஸ் தூக்கி எறியவில்லை. அதற்கு ஓர் ஆளையும் ஒரு வேளையையும் தேடித் தந்திருக்கிறார். இதைக் குறித்துக்கொண்டபோதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இந்தத் தொடர் என்றாலே எல்லோரும் பேசுவது டார்சி குளத்தில் குதித்துவிட்டு ஈரச் சட்டையோடு வரும் காட்சியை. நாவலில் குளமும் இல்லை, குளியலும் இல்லை. டார்சியின் பெம்பர்லி மாளிகையைச் சுற்றிப் பார்க்க வந்த எலிசபெத்தின் எதிரில் அவர் திடீரென்று வந்து நிற்கிறார், இருவர் முகமும் சிவக்கிறது, அவ்வளவுதான். டார்சியாக நடித்த காலின் ஃபர்த்தின் சட்டையைப் பற்றி எழுதியவர்கள் அதற்கு அடுத்த நிமிடத்தைப் பற்றியும் எழுதியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். அவர் அவளிடம் அப்பா அம்மா சௌக்கியமா என்று கேட்கிறார். அவள் பதில் சொல்கிறாள். சிறிது பொறுத்து அதையே மறுபடி கேட்கிறார். ஊரையே எடை போடும் மனிதர், ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்கிறோம் என்பதே தெரியாமல் நிற்கிறார். நாவலிலும் இந்தத் தடுமாற்றம் உண்டு, ஆனால் ஆசிரியர் அதைத் தன் வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்கிறார். இங்கே அதைக் காதால் கேட்கிறோம். அடுப்படியில் இருந்தாலும் கேட்கும்.

பென்சிலைக் கீழே வைக்கவைத்த காட்சி இன்னொன்று. பெம்பர்லியில் ஒரு மாலை. டார்சியின் தங்கை ஜார்ஜியானா பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறாள். பதினாறு வயதுக் கூச்சக்காரி. கொஞ்ச காலத்துக்கு முன் விக்கம் என்பவன் பேச்சில் மயங்கி வீட்டை விட்டு ஓட இருந்தவள். அது எலிசபெத்துக்குத் தெரியும் என்பது டார்சிக்குத் தெரியும். பிங்லியின் சகோதரி மிஸ் பிங்லிக்குத் தெரியாது. எலிசபெத்தைக் குத்துவதாக நினைத்துக்கொண்டு அவள் விக்கம் பேச்சை இழுக்கிறாள். பியானோ தடுமாறுகிறது. அங்கிருக்கும் எல்லோர் காதிலும் அது விழுகிறது. எலிசபெத் சட்டென்று எழுந்து போய், பக்கம் புரட்ட ஆளில்லாமல் எப்படி வாசிப்பாய் என்று இதமாகக் கேட்டபடி அவள் பக்கத்தில் நிற்கிறாள். வாசிப்பு மறுபடி தொடங்குகிறது. அறையின் மறுபக்கத்திலிருந்து டார்சி பார்க்கிறார். அவளும் பார்க்கிறாள். எலிசபெத்தாக நடித்த ஜெனிபர் ஈலியின் முகத்தில் சிரிப்பு வரலாமா என்று யோசித்து வருகிறது.

நாவலில் இந்தச் சந்திப்பு பகலில் நடக்கிறது. பியானோ கிடையாது. ஜார்ஜியானா கலங்கிப்போனதையும், எலிசபெத் அமைதியாகப் பதில் சொல்லிச் சமாளித்ததையும், அதனால் டார்சியின் மனம் அவள் பக்கம் இன்னும் சாய்ந்ததையும் ஆஸ்டின் விளக்குகிறார். டேவிஸ் அந்த விளக்கம் முழுவதையும் ஒரு தப்பான ஸ்வரத்துக்குள் வைத்துவிட்டார். இந்தக் காட்சியை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அந்த இடத்தில் கண் நிறைந்துவிடுகிறது.

அம்மாவும் கூடவே உட்கார்ந்து பார்ப்பாள். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் யார் யாரைக் கட்டப்போகிறார்கள் என்பதில் அவள் கணக்கு ஒரு முறைகூடத் தப்பவில்லை. எலிசபெத்தின் அம்மாவாக, அலிசன் ஸ்டெட்மன் நடித்த மிஸஸ் பென்னட் வரும்போதெல்லாம் வீடே அதிரும். கத்தல், புலம்பல், மயக்கம். நாவலைப் படித்த காலத்திலிருந்து எனக்கு அவள் ஒரு தலைவலி, அவ்வளவுதான்.

"அந்தம்மா ஏன்டி எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருக்கா?"

நிறுத்தி விளக்கினேன். அந்த வீடும் நிலமும் ஆண் வாரிசுக்குத்தான் போகும். அவளுக்கு ஐந்தும் பெண். கணவன் செத்த மறுநாள் யாரோ ஓர் உறவுக்காரன் வந்து எல்லோரையும் வெளியே அனுப்பலாம். எலிசபெத்துக்கென்று வரக்கூடியது 1,000 பவுண்டு, அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு.

"அப்ப கத்தாம என்ன செய்வா? அந்த மனுஷன்தான் புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு உள்ள போயி உக்காந்துக்கிறாரே!"

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மாவும் இப்படித்தான் கத்திக்கிட்டிருந்தா. நாங்க நாலு பொண்ணுல்ல" என்றாள்.

அம்மாவுக்கு 1970-களில் கல்யாணம் ஆனது. 1989-இல் தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று சட்டத்தைத் திருத்தியபோது, அதற்கு முன் கல்யாணம் ஆன பெண்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே சேர்த்திருந்தார்கள். மாமாக்கள் நிலத்தைப் பிரித்துக்கொண்ட அன்றைக்கு அம்மா ஒரு பட்டுப்புடவையோடு பஸ் ஏறி வந்தாள். அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குப் பேசினாள். எந்த வயல், எத்தனை மா, எந்த வாய்க்கால் பாசனம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். லாப்டாப்பில் எலிசபெத் பாதி நடையில் நின்றுகொண்டிருந்தாள். நான் மறுபடி ஓட்டவில்லை.

அதன்பிறகு நான் தொடராக்க வேண்டிய காவிரிக் கரை நாவலை வேறு கண்ணால் படித்தேன். அதிலும் ஒரு தாய் இருக்கிறாள், நச்சரிக்கும் தாய். பெண்ணின் காதலுக்கு முள்ளாக மட்டுமே நான் அவளை ஒன்லைனில் வைத்திருந்தேன். இப்போது முதல் எபிசோடிலேயே அவள் சாவிக்கொத்தின் சத்தம் கேட்கிறது. யார் பெயரில் பத்திரம் என்று யாரும் கேட்காத வீட்டில் அவள்தான் கேட்கிறாள். பெண்ணுக்கு இழப்பதற்கு என்ன இருக்கிறது என்பது தெரியாமல் போனால், அவள் யாரை விரும்பினால்தான் பார்க்கிறவர்களுக்கு என்ன? அந்தக் காலத்து ரவிக்கை, லாந்தர், மாட்டு வண்டி எல்லாம் கலை இயக்குநர் கொண்டுவந்துவிடுவார். காசு பயத்தை எழுதுகிறவள்தான் கொண்டுவர வேண்டும். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலை வைத்து 1940-இல் வந்த ஹாலிவுட் படம் உடைகளை இன்னும் பெரிதாக்கி, காலத்தையே தள்ளிப்போட்டது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பெண்களுக்காக நான் பயப்படவில்லை.

என் காவிரிக் கரைக் கதையில், கதாநாயகன் கொழும்புக்கு வேலைக்குப் போகிறான் என்ற செய்தி நாயகிக்குத் தெரியவரும் இடம் நாவலில் ஒன்றரைப் பக்கம். எல்லாம் அவள் மனசுக்குள் நடப்பது. நான் அவளைக் களத்தில் உட்கார்த்தினேன். கூலி நெல் அளக்கிறாள். மரக்கால் நிறையும் சத்தம், தலை தட்டும் சத்தம், சாக்கில் கொட்டும் சத்தம். ஒன்று என்பதற்குப் பதில் லாபம் என்று தொடங்கி, "லாபம்... ரெண்டு... மூணு..." என்று எண்ணிக்கொண்டே போகிறாள். செய்தியைத் தம்பிதான் கொண்டுவருகிறான், விளையாட்டாகச் சொல்லிவிட்டு ஓடிப்போகிறான். அவள் எண்ணிக்கை நிற்கவில்லை. பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. ஒரு மரக்கால் கொட்டும் நேரம் சத்தமில்லை. பிறகு, "லாபம்..." என்கிறாள். சாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிழவி நிமிர்ந்து பார்த்து, "பதினாலு ஆயிருச்சுங்க, சின்னம்மா" என்கிறாள். காட்சி அவ்வளவுதான்.

சேனல் தரப்பில் படித்தவர்களுக்கு அது போதவில்லை. "மைண்ட் வாய்ஸ் போட்டுடலாமே மேடம், பெண்கள் சமையல்கட்டுல இருப்பாங்க, புரியாது" என்றார்கள். புரியும் என்று நான் சண்டை போட்டேன், குரல் உயர்த்தியே போட்டேன். எடிட் அறையில் மானிட்டரை அணைத்துவிட்டு வெறும் ஒலியை ஓட்டச் சொன்னேன். மரக்கால் சத்தம், எண்ணிக்கை, தம்பியின் குரல், எண்ணிக்கை, இடைவெளி, "லாபம்". டீ கொண்டுவந்த அக்கா டம்ளர்களை வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு யாரு அவன்?" என்று கேட்டார். மைண்ட் வாய்ஸ் பேச்சு அதோடு நின்றது. எல்லாக் காட்சியிலும் எனக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. மாடிப்படிக் காட்சியில் நாயகி தன் துக்கத்தைத் தானே விளக்குகிறாள். நான்தான் எழுதிக்கொடுத்தேன். அதில் எனக்கு இன்னும் வலி இருக்கிறது.

இப்போது என் தொடரின் கடைசி வாரத்து எபிசோடுகள் மேஜைமேல் இருக்கின்றன. நாயகி சம்மதம் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். ஆஸ்டினின் நாவலில் டார்சி இரண்டாம் முறை மனசைத் திறக்கும் இடத்தில், எலிசபெத் என்ன பதில் சொன்னாள் என்பதை ஆஸ்டின் அவள் வாய் வார்த்தையாகத் தரவில்லை. தன் மனம் மாறிவிட்டதை அவள் தெரிவித்தாள் என்று தன் குரலில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். டேவிஸும் அதை வளர்க்கவில்லை. மற்றவர்கள் முன்னே போக, இருவரும் பாதையில் நடந்துகொண்டே சில வரிகள் பேசுகிறார்கள், நடை தொடர்கிறது. ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத் தொடரில் முத்தம் ஒன்றே ஒன்று, அதுவும் கல்யாணம் முடிந்து வண்டியில் ஏறிய பிறகு. என் நாவலில் நாயகி சம்மதம் சொல்லும் பேச்சு நான்கு பக்கம். அழகான நான்கு பக்கம், எனக்கு மனப்பாடம். இயக்குநர் சீன் பேப்பர் எப்போது வரும் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று பக்கத்தை அடித்துவிட்டேன். நாலாவதில் படித்துறையில் குடம் மொள்ளும் சத்தத்துக்குப் பிறகு ஒரு வரி இருக்கிறது. அது தேவையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.