மணி அடித்தவர் வீட்டுக்குப் போனார்

பழைய மாதாகோயில்களில் உபதேசியார் என்று ஒருவர் இருப்பார். பார்த்திருக்கிறீர்களா? பூசைக்கு மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது, ஊரில் யாராவது இறந்துவிட்டால் துக்க மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. அந்த மணியில் ஒரு பெரிய வசதி உண்டு. யாரும் அதற்குப் பதில் அனுப்ப முடியாது! கயிற்றை விட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

அந்த மணிக்கயிறு இப்போது என் நண்பர் ஒருவரின் சட்டைப் பைக்குள் இருக்கிறது.

நண்பருக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. சென்னைப் புறநகரில் அவருடைய பங்குக் கோயிலின் செய்தித் தொடர்பு முழுக்க அவர் தலையில்தான். சம்பளம் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால், ஞாயிறு அறிவிப்புத் தாளை டைப் செய்து கொடுப்பதில் ஆரம்பித்தது. பூசை நேரம், கல்யாண ஓலை, போன வாரக் காணிக்கை எவ்வளவு... அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியானம் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் வேலை முடிந்தது. தப்பு இருந்தாலும் அடுத்த ஞாயிறுதான் திருத்த முடியும். அதில் எத்தனை நிம்மதி பாருங்கள்!

புதுக் கருவிகளைப் பார்த்துத் திருச்சபை எப்போதும் பயந்தது என்று சொல்ல முடியாது. 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சடித்தது ஏசுசபைப் பாதிரியார்கள். 1931-ல் மார்க்கோனியையே கூப்பிட்டு வத்திக்கான் வானொலியை அமைத்தார்கள். 1967 முதல் வருஷாவருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சமூகத் தொடர்பு நாளாகவே கொண்டாடுகிறார்கள். ஆனால் அச்சானாலும் வானொலியானாலும் அதுவும் மணி மாதிரிதான். இங்கிருந்து அங்கே போகும். அங்கிருந்து உடனே திரும்பி வராது.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. "தம்பி, பூசையை வீட்டுக்கே அனுப்ப முடியுமா?" என்று கேட்டார் பங்குச் சாமியார். பாட்டுப் புத்தகம் வைக்கிற ஸ்டாண்டில் செல்போனைக் கட்டிவைத்து அனுப்பினார் நண்பர். அந்த வாரம்தான், மார்ச் 27 அன்று, வெறிச்சோடிக் கிடந்த புனித பேதுரு சதுக்கத்தில் மழையில் தனியாக நின்று ஜெபித்தார் போப் பிரான்சிஸ். உலகமே டி.வி.யிலும் போனிலும் பார்த்தது. நண்பரின் பங்கிலும் பாட்டிமார்கள் முக்காடு போட்டுக்கொண்டு போன் முன்னால் முழங்காலில் நின்றார்கள். படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவர், "சாமி என் கட்டிலுக்கே வந்துட்டார்" என்று அழுதாராம். இதையெல்லாம் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது.

கோயில் கதவு திறந்த பிறகும் செல்போனை ஸ்டாண்டிலிருந்து அவிழ்க்கவில்லை. அதுதான் பிரச்னை. ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில், "நாளைக்கு எத்தனை மணிக்குப் பூசை?" பதில் அதற்கு நாலு வரி மேலேயே இருக்கும்! துபாயிலிருந்து, "ஆடியோ கேட்கல பிரதர்." பூசைக் கருத்தில் மாமியார் பெயர் விட்டுப்போச்சு என்று ஒரு அம்மா. சோற்றைப் பிசைந்த கையை உதறிவிட்டு நண்பர் போனை எடுப்பார். ஞாயிறு என்றால் மூன்று பூசைக்கும் அவர் காமிராவோடுதான்.

மகளுக்குப் புதுநன்மை வந்தது. வெள்ளை கவுன், தலையில் பூ கிரீடம். முதல்முறையாக நன்மை வாங்கிவிட்டுத் திரும்பிய குழந்தை அப்பாவைத் தேடியிருக்கிறது. அப்பா அப்போது குனிந்து, போனில் சார்ஜ் எத்தனை சதவிகிதம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்திரம் அவர் மனைவி சண்டை போடவில்லை. "இத்தனை வருஷமா கோயில்ல நீங்க எங்க பக்கத்துல உட்காரவே இல்லீங்க" என்று மட்டும் சொன்னார்.

"ஊழியம்னா தியாகம்தானே சார்" என்று என்னிடம் நியாயம் கேட்டார் நண்பர். நான் பி.காம். படித்தவன். யார் கணக்கில் செலவு எழுதுகிறோம் என்று பார்ப்பது பழக்கம். கோயில் வரவு செலவில் இன்டர்நெட்டுக்கு ஒரு வரி இருக்கிறது, காமிராவுக்கு ஒரு வரி இருக்கிறது. அந்தக் குழந்தை தேடினதற்கு எந்த வரியும் இல்லை. தன்னுடையதைக் கொடுத்தால்தானே தியாகம்? அவர் கொடுத்தது மனைவி, மகளுடைய ஞாயிற்றுக்கிழமையை. அவர்களை யாரும் கேட்கவில்லை.

2015-ல் சமூகத் தொடர்பு நாளுக்கு போப் பிரான்சிஸ் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? குடும்பம். ஒரு மனிதன் பேசக் கற்றுக்கொள்ளும் முதல் பள்ளிக்கூடம் தாயின் வயிறுதான் என்று எழுதியிருந்தார். செய்தித் தொடர்பு ஆட்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படிக்கலாம்.

ஆனால் நண்பரை அசைத்தது போப் இல்லை. 2025 செப்டம்பரில் கார்லோ அக்குதிஸ் என்ற இத்தாலியப் பையனுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள் அல்லவா? கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன், பதினைந்து வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தவன். மறைக்கல்வி வகுப்பில் அவன் கதையைக் கேட்டுவிட்டு வந்த மகள் கேட்டாள்: "அப்பா, கார்லோ வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் வீடியோ கேம் ஆடுவானாம். உனக்கு எத்தனை மணி நேரம்ப்பா?"

மறுநாளே சாமியாரைப் பார்த்துப் பேசிவிட்டார். இளைஞர் குழுவில் இரண்டு பேருக்குக் காமிரா வேலையைச் சொல்லிக் கொடுத்தாயிற்று. ராத்திரி ஒன்பதுக்கு மேல் மெசேஜுக்குப் பதில் கிடையாது. இறப்புச் செய்தி என்றால் மட்டும், எந்நேரமானாலும் போன் அடித்துச் சொல்லலாம். ஆக, துக்க மணி மட்டும் பழையபடி! முதல் வாரம் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டே போனார்கள். மூன்றாம் வாரம் திரும்பி வந்துவிட்டார்கள்.

போன ஞாயிறு எட்டு மணிப் பூசைக்கு நண்பர் குடும்பத்தோடு நாலாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிரசங்கத்தின்போது காமிரா சாமியாரை விட்டுவிட்டு மேலே ஃபேனைக் காட்டிக்கொண்டிருப்பது ஓரக்கண்ணில் தெரிந்ததாம். எழுந்திருக்கப் போனவரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாராம் மனைவி.