இரண்டு ஒயர்

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். நைனா காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மெஷினில் வேலை பார்க்கிறார். ஐஸ் பாரைத் தூக்கி மெஷின் வாயில் போட்டால், உள்ளே பல் வைத்த உருளை அதை இழுத்து நொறுக்கிக் கீழே தள்ளும். அங்கிருந்து படகுக்குப் போகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைத் தண்ணீர் ஏறி அந்த மோட்டார் மூழ்கிவிட்டது. காயில் கட்டிக் கொண்டுவந்தார்கள். யாரோ அவசரத்தில் மூன்று ஒயரையும் மாட்டி, பெல்ட்டையும் போட்டு, ஸ்விட்சைத் தட்டி, "போடு" என்றார்கள். நைனா போட்டார். உருளை எதிர்ப்பக்கம் சுற்றி ஐஸை மேலே எறிந்தது. நெற்றியில் நான்கு தையல். அன்றைக்குப் பாதிக் கூலிதான்.

"இன்னாடா, கரண்டு படிக்கிறியே, அது ஏன் திரும்பிச் சுத்துச்சு?" என்று கேட்டார். நான் அப்போது முதலாண்டு. முழித்தேன். நைனா வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் லேபில் பதில் கிடைத்தது. 415 வோல்ட் த்ரீ பேஸ் மோட்டாரில் ஆர், ஒய், பி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்கு வரும். அந்த வரிசையில் காந்தப்புலம் ஸ்டேட்டருக்குள் சுற்றும். நம் 50 ஹெர்ட்ஸில் நான்கு போல் மோட்டார் என்றால் நிமிஷத்துக்கு 1500 சுற்று. ரோட்டார் கொஞ்சம் பின்தங்கி அதைத் துரத்தும். ஏதாவது இரண்டு ஒயரை மாற்றினால் புலம் எதிர்ப்பக்கம் ஓடும், ரோட்டாரும் அப்படியே. (சிங்கிள் பேஸில் இது பலிக்காது. நான் பிளக்கைத் திருப்பிச் சொருகிப் பார்த்து லேபே சிரித்தது! அங்கே ஸ்டார்டிங் காயிலின் இரண்டு முனையைத்தான் மாற்ற வேண்டும்.)

வீட்டுக்குப் போய் "பேஸ் சீக்வென்ஸ்" என்று ஆரம்பித்தேன். "தமிழ்ல சொல்லுடா" என்றார். சில்வர், பித்தளை, பிளாஸ்டிக் என மூன்று டம்ளரை முக்கோணமாக வைத்தேன். அதே வரிசையில் நைனா விரலால் தொட்டுக்கொண்டே போனார். விரல் வலப்பக்கம் சுற்றியது. இரண்டு டம்ளரை இடம் மாற்றினேன். விரல் இடப்பக்கம் சுற்றியது.

"மூணையுமே ஒரு எடம் தள்ளி வெச்சா?" என்று கேட்டு அவரே வைத்துத் தொட்டுப் பார்த்தார். திசை மாறவில்லை. "அட, மூணையும் நகத்துனா ஒண்ணும் ஆவல, ரெண்ட மாத்துனாத்தான் திரும்புது!" என்றார். வாத்தியார் வைவாவில் என்னைக் கேட்டு மடக்கிய கேள்வி அது!

இப்போது காயில் கட்டி வந்த மோட்டாருக்கு உடனே பெல்ட் போட நைனா விடுவதில்லை. ஒரு தட்டு தட்டி நிறுத்தச் சொல்லி, புல்லி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறார். "நேரமாவுது" என்று முதலாளி முறைத்தாராம். படகுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு பெயிண்டில் மோட்டார் மேல் ஓர் அம்புக்குறியும் போட்டிருக்கிறார். கொஞ்சம் கோணல்தான்.