ஒரு அடிக்கு ஒரு இஞ்சு கடல்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பொம்மையை நகர்த்தி நகர்த்தி எடுக்கும் ஸ்டாப் மோஷனில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காட்டிக்கொள்ளலாம் என்பதால் 12 போதும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு நிமிடம். அறுபதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 720 போட்டோ. நாளொன்றுக்கு 40 எடுத்தாலும் 18 நாள் ஆகும். அவர் ஒரே மூச்சில் முடித்ததை நான் 18 நாள் மூச்சு வாங்கி வாங்கிச் செய்துகொண்டிருக்கிறேன் :)

ஆமாம், எங்கள் ஊர் முத்துக்குளிப்பைப் பொம்மைப் படமாக எடுக்கிறேன். இடம் என் அறை. செலவு என் பாக்கெட் மணி.

இந்த வேலைக்கு நம் நாட்டில் நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 'ராஜா ஹரிச்சந்திரா' (1913) எடுப்பதற்கு முன்பே தாதாசாகேப் பால்கே ஒரு பட்டாணிச் செடி முளைத்து வளர்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம்பிடித்து ஓட்டிக் காட்டியிருக்கிறார். 1915-இல் தீக்குச்சிகளை நகர்த்தியே ஒரு குறும்படம் எடுத்தார். நம் காலத்தில் சுரேஷ் எரியாட் எடுத்த 'டோக்ரி' (2017) இருக்கிறது. கூடை விற்கும் சிறுமியின் கதை. மும்பைத் தெருவைக் கையாலேயே குட்டியாகச் செய்தார்கள், படம் முடிய எட்டு வருடம் ஆனது. பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள்.

பால்கேயின் தீக்குச்சி எனக்கும் கைகொடுத்தது. கோவில்பட்டி எங்கள் மாவட்டம்தானே? மருந்து முக்காத வெறும் குச்சி மூட்டையாகவே கிடைக்கும். என் வள்ளத்தின் பலகையெல்லாம் அதுதான். அளவு ஒரு அடிக்கு ஒரு இஞ்சு. ஐந்தரை அடி மனிதர் ஐந்தரை இஞ்சு பொம்மை, 30 அடி வள்ளம் இரண்டரை அடி. பொம்மைக்கு உள்ளே அலுமினியக் கம்பியை முறுக்கி எலும்பு, மூட்டுக்கு மூட்டு எம்-சீல். களிமண் பொம்மை எங்கள் ஊர் மே மாதத்துக்கு ஆகாது, மத்தியானத்துக்குள் தோள் இறங்கிவிடும்.

குட்டிச் செட் செய்யும்போது முதலில் புரிவது ஒன்று உண்டு. எல்லாவற்றையும் சின்னதாக்கலாம், ஆனால் பொருளின் குணத்தைச் சின்னதாக்க முடியாது. கரையில் உப்புக் குவியல் வைக்க வேண்டும். உப்பில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு, அதிலும் எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்? ஆனால் நிஜ உப்பைக் குவித்தால் கேமராவில் பாறாங்கல் குவித்த மாதிரி தெரியும். மிக்ஸியில் பொடித்தால் கடல்காற்றில் சாயங்காலத்துக்குள் கசிந்துவிடும். வாசலில் போடும் கோலப்பொடிதான் உப்பைவிட உப்பாக இருக்கிறது! கடற்கரை மணலும் அப்படித்தான், சரளைக்கல்லாகத் தெரியும். வேட்டித் துணியில் சலித்தால் தேறும். 'கோரலைன்' (2009) படத்தில் மரம் நிறையப் பூத்திருக்கிறதே, அது பாப்கார்ன் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பொறாமைதான் வந்தது.

முத்துச்சிப்பியில் மட்டும் அதிர்ஷ்டம். மூன்று இஞ்சுச் சிப்பி என் கணக்கில் கால் இஞ்சு. அந்த அளவில் சின்னச் சின்னக் கிளிஞ்சல்கள் திரேஸ்புரம் கரையில் கிடக்கின்றன. முத்துச்சிப்பிக்கு மூட்டுப் பக்கம் நேராக இருக்கும், கிளிஞ்சலுக்கு உருண்டையாக இருக்கும். நகம் தேய்க்கும் அரத்தால் ஒவ்வொன்றையும் தேய்த்தேன். இருநூறு கிளிஞ்சல். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கடலுக்குள் தண்ணீர் கிடையாது. விளக்குக்கு நீலக் கண்ணாடித்தாள், கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை, அதில் ஒட்டிய பாசிமணிகள்தான் நீர்க்குமிழி. போட்டோவுக்குப் போட்டோ அவற்றை மேலே நகர்த்த வேண்டும். சிப்பி விளையும் பார்கள் சுமார் 5 முதல் 10 பாகம் ஆழத்தில் இருக்கும். ஒரு பாகம் ஆறடி. நான் எட்டுப் பாகம் எடுத்துக்கொண்டேன், 48 அடி. பரண் விளிம்பில் வள்ளம், அதற்கு நான்கு அடி கீழே தரையில் பார். வெயில் நகர்ந்தால் படம் மினுங்கும், எனவே ஜன்னல் அடைப்பு. காற்றில் கயிறு ஆடும், எனவே ஃபேன் கிடையாது. மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

சரி, கயிற்றுக்கு வருவோம். எனக்கு இதில் முக்கியமே அதுதான்.

குளிப்பவருக்கு இரண்டு கயிறு. ஒன்றில் கல் கட்டியிருக்கும், அதில் காலை மாட்டிக்கொண்டு விர்ரென்று இறங்குவார். தரை தட்டியதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். இன்னொன்று அவருடைய கயிறு. சிப்பியைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுவிட்டு அதைச் சுண்டினால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிப்பார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறதல்லவா!

தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். (1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இதே ஊரில் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்தது வேறு கதை.) ஆக, கயிறு பிடித்த கைகள் எல்லாம் 80 வயதைத் தாண்டியவை. "மச்சான் கயிற்றைப் பிடித்திருந்தான்" என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். பொம்மைக்கு அது போதாது. ஐந்து விரலையும் எங்கேயாவது வைத்தாக வேண்டும். கட்டை விரல் உள்ளேயா வெளியேயா? முழங்கை மடங்கியா நீட்டியா? கண் எங்கே?

சின்ன வயதில் சலாபத்துக்குப் போன தாத்தா ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். கூட்டிவந்து காட்டினேன். கயிற்றுக்கு நான் நூலைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்து, நடுவில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வாங்கிய மெல்லிய செம்புக் கம்பியை வைத்துத் திரித்திருந்தேன், அப்போதுதான் வளைத்த இடத்தில் நிற்கும். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மச்சான் பொம்மையை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

"எலே, இப்படி இறுக்கிப் பிடிச்சா அவன் சுண்டுறது எப்படிலே தெரியும்?"

அவரே விரல்களைப் பிரித்தார். கயிறு உள்ளங்கையில் சும்மா கிடக்க, ஆள்காட்டி விரல் மட்டும் அதன்மேல் படிந்திருந்தது. பிறகு பொம்மையின் தலையைத் திருப்பினார். நான் அதைத் தண்ணீரைப் பார்க்க வைத்திருந்தேன். சினிமாவில் அப்படித்தானே வரும்? அவர் தண்ணீரையும் பார்க்க விடவில்லை, வானத்தையும் பார்க்க விடவில்லை. எதிர்ப் பலகையைப் பார்க்க வைத்தார். தண்ணியில என்ன தெரியும், கையில இல்லா தெரியும் என்றார். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவருடைய கையும் அதே மாதிரிதான் மடியில் கிடந்தது.

இப்போது 431-வது போட்டோவில் நிற்கிறது. குளிப்பவர் கீழே சிப்பி பொறுக்குகிறார், மேலே மச்சான் எதிர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு நாளைக்கு ஒரு தடவை தாத்தா வந்து எட்டிப் பார்க்கிறார்.

"இன்னுமாலே அவன மேல தூக்கல?"