பூக்காத இஞ்சிப்பூ

"காடு மாதிரி வளருது, பூ மட்டும் வரமாட்டேங்குதே!" வெள்ளை இஞ்சிப்பூ வைத்திருப்பவர்களிடம் நான் அதிகம் கேட்ட குறை இதுதான். நர்சரியில் ஜிஞ்சர் லில்லி என்று விற்கிறார்களே, அதே செடி. மாலையில் விரிந்து இரவு முழுக்க மணக்கும் அந்தப் பூவுக்கு நான் அடிமை. அதனால் இந்தக் குறையைக் கேட்டால் செடியைப் பார்க்காமல் வர மனசு வராது.

பெரும்பாலும் குற்றம் கத்தரியில் இருக்கும். இந்தச் செடியின் ஒவ்வொரு தண்டும் தன் நுனியில் ஒரே ஒரு முறைதான் கொத்துவிடும். உயரமாகிவிட்டது, சாய்கிறது என்று பாதியில் நறுக்கினால் அந்தத் தண்டின் பூவும் அதோடு போயிற்று. பூத்து ஓய்ந்த தண்டை மட்டும் அடியோடு அறுக்க வேண்டும்.

அடுத்தது இடம். இமயமலைச் சரிவின் ஈரத்தில் வளர்ந்த குலம் இது. கோவையிலோ திருச்சியிலோ சித்திரை வெயிலில் நிறுத்தினால் இலை நுனி கருகும். உடனே சத்துக் குறைவு என்று யூரியாவைப் போடுகிறார்கள். இலைதான் இன்னும் தழைக்கும். வாழை நிழலில், காலை வெயில் மட்டும் படும்படி வைத்து, சருகு மூடாக்குப் போட்டுப் பாருங்கள், செடி தெளிந்துவிடும்.

ஈரம் பிடிக்கும் என்பதற்காகத் தண்ணீர் தேங்க விடக் கூடாது. தண்டை இழுத்தால் கையோடு வந்து நாற்றமும் அடித்தால் கிழங்கு அழுகுகிறது என்று பொருள். நல்ல துண்டுகளை எடுத்து மேட்டில், மேல்புறம் லேசாகத் தெரியும்படி நடுங்கள். சமையல் இஞ்சி அழுகிய பாத்தியில் மட்டும் வேண்டாம். அதே நோய் இதற்கும் தாவும்.

நடுக்குருத்து மட்டும் காய்ந்து, தண்டில் துளையும் எச்சமும் தெரிந்தால் தண்டுத் துளைப்பான். இஞ்சி, மஞ்சள், ஏலம் மூன்றையும் குடையும் புழுதான். அந்தத் தண்டை வெட்டி எரித்துவிடுவதே நல்லது.

இரண்டு மூன்று வருடத்தில் தூர் நெருங்கிப் பூ குறையும். மழைக்கு முன் பிரித்து நட்டால் மறுபடி கொத்துவிடும். மீந்த கிழங்கைக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் தயவுசெய்து ஓடைக்கரையில் கொட்டாதீர்கள். சிறு துண்டு போதும், கரையையே மூடிவிடும். மஞ்சள் பூக்கும் இதன் இரண்டு உறவுகள் காடுகளுக்குள் புகுந்து மற்றச் செடிகளை நெருக்கியதால்தான் நியூசிலாந்தில் அவற்றை விற்கவே தடை இருக்கிறது.