காற்றாடிமலைக்கு ஒரு யாத்திரை

மலேசியாவில், ஈயம் தோண்டிய பெரும்பள்ளம் ஏரியாகி நிற்கும் ஸ்ரீ கெம்பாங்கானில், செர்டாங் புதுக்கிராமத்தை ஒட்டிய எங்கள் வீட்டு முன்னறையில், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் ஒரு படம் தொங்குகிறது. விலங்கு பூட்டப்பட்ட ஒரு மனிதர் அதில் முழந்தாளிட்டு, கூப்பிய கரங்களுடன் மேலே நோக்கியிருப்பார். தென்தமிழகத்துக் கோட்டாற்றிலிருந்து பால்மரம் சீவ இந்நாட்டுக்கு வந்த என் பாட்டி, ஆண்டுதோறும் ஜனவரி 14 அன்று, அண்டை வீடுகளில் பொங்கலுக்குக் கரும்பும் பானையும் வந்து இறங்கும் வேளையில், அப்படத்தின் முன் விளக்கேற்றி, வேதசாட்சி தேவசகாயத்தின் சரித்திரத்தை எங்களுக்குச் சொல்வாள். சொல்லி முடித்ததும், "எல்லாஞ் சரி, அந்த ஞானப்பூ என்ன பாடு பட்டிருப்பா" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு எழுந்து போவாள்.

அவள் பிறந்த மண்ணைக் காணவேண்டுமென்ற நெடுநாள் ஆசை சென்ற ஜனவரியில்தான் நிறைவேறியது. திருவனந்தபுரத்தில் இறங்கி, தென்னையும் வாழையும் இரு மருங்கும் செழித்த சாலையில் தெற்கே பிரயாணம் செய்து, முதலில் நான் போய் நின்ற இடம் தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை. அங்கே, பாழடைந்த ஒரு சிற்றாலயத்தினுள் டச்சுத் தளபதி டிலனாய் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட அவரை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் தம் படைக்குப் பயிற்சி அளிப்பவராக அமர்த்திக்கொண்டார். கத்தோலிக்கராகவே வாழ்ந்து, உயர் பதவியும் கௌரவமும் குறைவின்றி அனுபவித்து, 1777இல் அவர் காலமானார். நட்டாலத்தில் 1712இல் பிறந்து, அதே மன்னரின் உத்தியோகத்தில் இருந்த நீலகண்ட பிள்ளை, கால்நடையும் பயிரும் நஷ்டப்பட்டு மனம் சோர்ந்திருந்த நாளில், யோபுவின் கதையைச் சொல்லித் தேற்றியவர் இந்த டிலனாயே என்பார்கள். 1745 மே 14 அன்று, திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்தில், பரஞ்சோதிநாதர் என்று தமிழர் அழைத்த சேசு சபைத் துறவி புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்று நீலகண்டர் தேவசகாயமானார்; அவர் மனைவி பார்கவி ஞானப்பூவானாள்.

ஒரே மன்னர், ஒரே வேதம். ஒருவருக்குப் படைத்தலைமை, மற்றவருக்கு விலங்கு. இது எவ்வாறு நேர்ந்தது என்று அக்கல்லறையின் அருகே நின்று வெகுநேரம் யோசித்தேன். அந்நியன் எந்தத் தெய்வத்தை வணங்கினாலும் அரண்மனைக்கு நஷ்டமில்லை. ஆனால் நாயர் குலத்தில் வளர்ந்து, அரசருக்கு அணுக்கமாய் இருந்த ஒருவர், பரம்பரைச் சடங்குகளை விட்டு விலகியதோடு நில்லாமல், சாதி வரம்பு பாராமல் எல்லோருடனும் கலந்து பழகவும் தொடங்கினால், அதை அந்தக் காலச் சமூகம் பொறுத்துக்கொள்ளுமா? 1749 பிப்ரவரி 23 அன்று அவரைப் பிடித்துச் சிறையிட்டபோது சாட்டிய குற்றம் ராஜத்துரோகம் என்றாலும், கோபத்தின் வேர் சாதியில் ஊன்றியிருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அதன்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். எருமையின்மேல் பின்புறம் நோக்கி உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை சூட்டி, ஊர் ஊராய்க் கொண்டுபோனதையும், அடித்த புண்ணில் மிளகாய்த்தூள் தேய்த்ததையும், பெருவிளையில் வேப்பமரத்தோடு மாதக்கணக்கில் கட்டிவைத்ததையும் அவ்வூர்க்காரர்கள் நேற்று நடந்ததுபோல் சொல்கிறார்கள். புலியூர்க்குறிச்சியிலேயே, தாகத்தால் தவித்த அவர் முட்டியால் இடித்தபோது நீர் சுரந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறையைக் கண்டேன். சிறு குழிதான். அதில் தேங்கிய நீரை ஒரு தாய் விரல் நுனியால் தொட்டு, இடுப்பிலிருந்த குழந்தையின் நெற்றியில் பூசினாள். நெற்றியில் முன்பே மை வைத்திருந்தபடியால், நீரும் மையும் கலந்து புருவத்தின்மேல் வழிந்தது.

என்னை வருத்தியது அடியும் உதையுமல்ல, அந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு நாளும் அவருக்குத் திறந்தே இருந்த கதவு: வேதத்தை மறுத்து ஒரு சொல் சொன்னால் விடுதலை. கி.பி. 112 வாக்கில் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, ரோமச் சக்கரவர்த்தி டிராஜனுக்கு எழுதிய கடிதத்திலும் இந்தக் கதவையே காண்கிறோம். பிடிபட்டவரை 'நீ கிறிஸ்தவனா' என்று மூன்று முறை கேட்பாராம். ஆமென்று நிலைத்தவரைத் தண்டனைக்கு அனுப்புவாராம். இல்லையென்று சொல்லி, சக்கரவர்த்தியின் சிலைக்கு முன் தூபமும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்தவரை வீட்டுக்கு விட்டுவிடுவாராம். உண்மையறிய அவர் சித்திரவதை செய்தவர்களுள் சபை ஊழியம் செய்த அடிமைப் பெண்கள் இருவர் இருந்தார்கள். 303இல் டயோக்ளீஷியன் ஆலயங்களை இடித்து வேத நூல்களை எரிக்கச் செய்தது முதல் 313இல் கிறிஸ்தவருக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கிடைக்கும் வரைக்கும், ரோம சாம்ராஜ்யத்தில் எத்தனையோ பேர் இந்த ஒரு சொல்லின் முன் நிறுத்தப்பட்டார்கள். பயந்து சொல்லிவிட்டவர்களும் அநேகர். அவர்களை இகழ எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகுட்டியோடு வாழ்பவனுக்கு அது எவ்வளவு சிறிய சொல்!

மறுநாள் விடியலில் ஆரல்வாய்மொழிக்குப் போனேன். மலைக்கணவாயில் காற்று ஆளைத் தள்ளுகிறது. காற்றாலைகள் வரிசையாய் நிற்கின்றன. 1752 ஜனவரி 14 இரவில் சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்ற காற்றாடிமலையில், தட்டினால் மணியோசை எழுப்பும் பாறை ஒன்று உண்டு. பாறையெங்கும் யாத்திரிகர் தட்டித் தட்டி வெளுத்த தழும்புகள். மெழுகுவர்த்தி விற்ற மூதாட்டி ஒருத்தி ஒரு கூழாங்கல்லை என் கையில் வைத்து, "தட்டிப் பாருங்க மக்களே, கேக்கும்" என்றாள். தட்டினேன். கேட்டது. பாட்டி சொல்லும்போதெல்லாம் நான் நம்பாத ஓசை அது.

காட்டில் எறியப்பட்ட சடலத்தின் எஞ்சிய பாகங்களைக் கொண்டுவந்து புதைத்த கோட்டாறு சவேரியார் ஆலயத்தில், அவர் கல்லறையின் அருகே பூசை கண்டேன். 2022 மே 15இல் ரோமாபுரி அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தபோது பெயரிலிருந்து 'பிள்ளை' என்ற சாதிப்பெயர் நீக்கப்பட்டிருந்ததை அங்கே சிலர் இன்னும் மனக்குறையோடு பேசிக்கொள்கிறார்கள். நீக்கியதே சரி, அவர் விலங்கு பூண்டதன் பொருள் அதில்தான் அடங்கியிருக்கிறது.

ஊர் திரும்பிய மாலை, அடுத்த வீட்டுச் சீன மூதாட்டிக்குக் கொஞ்சம் நேந்திரங்காய் வறுவல் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரிட்டிஷ் ஆட்சியின் மலாயா அவசரகாலத்தில், சிறுமியாய் இருந்தபோது, குடும்பத்தோடு பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, புதுக்கிராமத்து முள்கம்பி வேலிக்குள் வளர்ந்தவள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த மலாயில் முழுவதும் சொன்னேன். சங்கிலியை, வேப்பமரத்தை, ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள் என்பதை. வறுவலை மடியில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மனைவி?" என்றாள்.

வடக்கன்குளத்துக்குப் போய், விதவையாய்ப் பல வருஷங்கள் வாழ்ந்து, அங்கேயே மண்ணானாள் என்று சொன்னேன்.