நீ எந்த ஆஸ்டல்?



என்னிடம் படித்த ஒரு பெண் அமெரிக்காவில் இருக்கிறாள். "டீச்சர், என் பொண்ணு காலேஜ்ல சொராரிட்டில சேரணும்னு நிக்கிறா, சேர்க்கலாமா?" என்று போனில் கேட்டாள். எனக்கு அந்தச் சொல்லே புதிது. மாணவிகள் சங்கமாம். கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். பல சங்கங்களுக்கு வளாகத்திலேயே தனி வீடு உண்டு. கட்டில் காலியாகக் கிடந்தால் வீட்டுச் செலவு இருப்பவர்கள் தலையில் விழும். அதனால் ஆண்டுதோறும் புதுப்பிள்ளைகளைச் சேர்த்தே ஆக வேண்டும். அலபாமா பல்கலைக்கழகத்தில் வகுப்பு தொடங்கும் முன்பே, ஆகஸ்டிலேயே ஆள் சேர்ப்பு முடிந்துவிடுகிறது. யாரையும் தெரியாத நேரத்தில் தோழிகள் முடிவாகிவிடுகிறார்கள்! அங்கேதான் 2013இல், பழைய மாணவிகள் குறுக்கிட்டு ஒரு கறுப்பின மாணவியைச் சேர்க்கவிடவில்லை என்று மாணவர் பத்திரிகையே எழுதியது. அதன் பிறகுதான் கதவு திறந்தது. "முதல் வருஷம் பொது ஹாஸ்டல்ல இருக்கட்டும், அப்புறம் அவளே முடிவு பண்ணட்டும்" என்று சொல்லி வைத்தேன்.

ஆனால் எனக்கு நினைவு வந்தது நம் செஞ்சிதான்.

நம் அரசு விடுதிகள் துறைவாரியானவை. ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலம் என்று தனித்தனி. பிறருக்கும் கொஞ்சம் இடம் விதியில் உண்டு, நான் பார்த்த வரையில் அது பெரும்பாலும் காகிதத்தோடு சரி. நான் வேலை பார்த்த பள்ளிக்கு இரண்டு விடுதிகளிலிருந்து பெண்பிள்ளைகள் வருவார்கள். ஆறாம் வகுப்பில் புதிதாக வரும் பிள்ளையிடம் பெரிய பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "நீ எந்த ஆஸ்டல்?" சாதியை யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கத் தேவையே இல்லை. பதில் வந்ததும் அவள் உட்காரும் பெஞ்சு, மாலையில் நடந்து போகும் கூட்டம், கபடி அணி எல்லாம் முடிவாகிவிடும். ஏழு பேர் அணிக்குப் பெயர் கேட்டால் ஏழு பேரும் ஒரே விடுதியிலிருந்து வருவார்கள்.

ஒருமுறை ராஜகிரிக்கு அழைத்துப் போனோம். கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டு கூட்டம், இரண்டு நிழல். பொட்டலத்தைப் பிரித்தால் இரண்டிலும் அதே எலுமிச்சை சாதம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் என் பொறுப்பில் வந்தபோது ஒரு காரியம் செய்தேன். ஊர்ப் பள்ளியின் வகுப்பறையில்தான் படுக்கை. யார் பாய்க்குப் பக்கத்தில் யார் பாய் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டேன். முதல் இரண்டு இரவு முணுமுணுப்பு. மூன்றாம் நாள் ஒருத்திக்குக் காய்ச்சல், பக்கத்துப் பாய்க்காரிதான் ராத்திரி முழுக்க நெற்றிக்கு ஈரத்துணி மாற்றினாள். முகாம் முடிந்து வந்ததும் கபடி அணிக்குக் கொடுத்த பட்டியலில் முதல்முறையாக இரண்டு விடுதிப் பெயர்களும் கலந்திருந்தன.

முழுதாக மாறிவிட்டது என்று சொன்னால் பொய். அவரவர் விடுதிக்குத் திரும்பிய மூன்று வாரத்தில் பாதிப்பேர் பழையபடி ஆகிவிட்டார்கள். பக்கத்துப் பாய்க்காரிகள் இரண்டு பேர் மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. இன்றும் ஒருத்தி வீட்டு விசேஷத்துக்கு இன்னொருத்தி முதல் ஆளாக வந்து நிற்கிறாள்.

நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. 2025 ஜூலையில், நம் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அதே மாதத்தில், இந்த விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். நல்ல காரியம்தான். பலகையைப் பார்த்தே ஒரு பிள்ளையை இன்னார் என்று சொல்லும் அவமானம் போயிற்று. ஆனால் துறைகள் பழையபடி தனித்தனியேதான். சலுகையில் கைவைக்கச் சொல்லவில்லை நான். அந்த விடுதிகள் இல்லாவிட்டால் என் மாணவிகளில் எத்தனை பேர் எட்டாவதோடு களையெடுக்கப் போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பணம் எந்தத் துறையிலிருந்தும் வரட்டும், கட்டிலைக் கலந்து போடலாமே என்றுதான் கேட்கிறேன்.

என் பழைய மாணவிகளில் வார்டனாக இருக்கும் இரண்டு பேர் இதைப் படிப்பீர்கள். கட்டில் உங்கள் கையில் இல்லை, புரிகிறது. மாலைப் படிப்பையாவது இரண்டு விடுதிக்கும் ஒரே கூடத்தில் வைத்து, உட்காரும் இடத்தைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள் அம்மா.