லைசென்ஸுக்கும் எல்லை உண்டு

தாளவாடி மலையில் காட்டை ஒட்டிய தோட்டக்காரர்கள் சிலரிடம் பயிர்க்காவல் துப்பாக்கி இன்றும் இருக்கிறது. கருமருந்து கெட்டித்துச் சுடுவது. பன்றி இறங்கும் ராத்திரியில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் போதும். அதற்கு மேல் வேலை இல்லை. பன்றியைச் சுட்டுத் தள்ள அந்த லைசென்ஸ் அனுமதி கொடுக்கவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும், தெரிந்திருக்க வேண்டும்.

தாளவாடிக்குச் சத்தியமங்கலத்தைவிட கர்நாடகத்துச் சாம்ராஜ்நகர் பக்கம். பெண் கொடுப்பது, சந்தைக்குப் போவது எல்லாம் அங்கேதான். ஒரு விவசாயியின் மருமகன் அங்கே போட்ட மக்காச்சோளத்தில், கதிர் பால் பிடிக்கும்போது பன்றி புகுந்தது. மாமனார் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி பைக்கில் கட்டினார்.

"ஏனுங்க, அந்தப் புத்தகத்தை ஒருக்கா எடுத்துப் பாருங்க" என்றார் மனைவி.

செல்லுபடியாகும் பகுதி என்ற இடத்தில் ஈரோடு மாவட்டம் என்று மட்டும் இருந்தது. அவிழ்த்து உள்ளே வைத்தார். மருமகன் காட்டுக்கு அந்த வருஷம் பரணும் தகர டின்னும்தான் காவல். கொஞ்சம் சோளம் போனது.

போனது சோளம் மட்டும்தான். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை. லைசென்ஸே இல்லாத துப்பாக்கி என்று வழக்கு போனால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 வருஷம். புத்தகத்தையும் ரத்து செய்யலாம். போனால் திரும்ப வாங்குவது லேசில்லை. வெளிமாநிலம் கொண்டுபோக வேண்டுமானால் கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, அது புத்தகத்தில் பதிவான பிறகே வீட்டைவிட்டு எடுக்க வேண்டும். மனு நகலை நீட்டினால் சோதனைச்சாவடியில் விடமாட்டார்கள்.

சொந்த மாவட்டத்துக்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு. தாளவாடியிலிருந்து திம்பம் வழியாகச் சத்தியமங்கலம் இறங்கும் ரோடு புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் லைசென்ஸ்காரர்கள் வனத்துறையில் பெயர் பதிய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதைப் பலரும் செய்வதில்லை.

ரிப்பேருக்கோ புதுப்பிக்கவோ மகன் கொண்டுபோகலாமா என்றால், போகலாம். லைசென்ஸ்காரர் கூடவே போக வேண்டும், இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதமும் அசல் புத்தகமும் துப்பாக்கியோடு இருக்கட்டும். வழியில் எந்தப் போலீஸ்காரரும் கேட்டுப் பார்க்கலாம்.